ஆறு டிகிரி

க்ரூஸர் வண்டியின் பின்டயரை, அதை ஓட்டிக்கொண்டிருப்பவரால் பார்க்க முடியாது. சிக்னலில் பின்னால் நிற்பவர் பார்ப்பார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பார். முன்னால் நீண்டு சாய்ந்திருக்கும் ஃபோர்க்கும் அப்படித்தான், பக்கவாட்டில் நிற்பவர் கண்ணுக்குத்தான் முழுசாகத் தெரியும். ஓட்டுபவருக்குத் தெரிவது ஹேண்டில்பார், மீட்டர், கொஞ்சம் ரோடு, அவ்வளவுதான். ஆனாலும் க்ரூஸர் வாங்கிய பையன்கள் முதலில் கேட்பது இந்த இரண்டைத்தான்: "பின்னாடி தடியா டயர் போடணும், முன்னாடி நல்லா நீட்டி விடணும்."

இது எனக்குத் தெரிய வந்தது அண்ணன் பட்டறையில். பெரியப்பா மகன். கோவை கணபதியில் இரண்டு லேத், ஒரு வெல்டிங் செட்டோடு சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். பகலில் பம்ப் ஷாஃப்ட் கடைவார், சாயங்காலம் பைக் வேலை. அவர் ஐ.டி.ஐ. படித்தவர். நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் வரைந்துகொண்டிருப்பவன். இரும்பு என்றால் எனக்குத் திரையில் தெரியும் சாம்பல் நிறம். அவருக்கு அது சூடு, மணம், சத்தம்.

அண்ணனிடம் பஜாஜ் அவெஞ்சர் 220 இருந்தது. அதை ஒரு சாப்பராக மாற்ற வேண்டும் என்பது அவருடைய பத்து வருஷ ஆசை. பட்டறைச் சுவரில் முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் 'ஈஸி ரைடர்' படத்து வண்டியின் போட்டோவை ஒட்டி வைத்திருந்தார். 1969-இல் வந்த படம். பீட்டர் ஃபோண்டா ஓட்டும் அந்த 'கேப்டன் அமெரிக்கா' வண்டிதான் நீண்ட ஃபோர்க்கின் உருவத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதை உருவாக்கியவர்கள் க்ளிஃப் வாஸ், பென் ஹார்டி என்ற இரண்டு கறுப்பினத்தவர்கள். படத்தின் டைட்டிலில் அவர்கள் பெயர் வராது. நான் இதைச் சொன்னபோது அண்ணன் கொஞ்ச நேரம் போட்டோவையே பார்த்தார். "அங்கயும் வெல்டிங் அடிக்கிறவன் பேரு வராது போல" என்றார்.

சாப்பர்காரர்கள் வீட்டுப் பின்கட்டில் செய்ததைப் பிறகு கம்பெனிகளே செய்து விற்க ஆரம்பித்தன. 2013-இல் ஹார்லி டேவிட்சன் 'பிரேக்அவுட்' மாடலை 240 மி.மீ. அகலப் பின்டயரோடு கொண்டுவந்தது. நம் அவெஞ்சரின் பின்டயர் 130 மி.மீ. நடுவில் இருக்கும் இந்த 110 மி.மீ. தூரத்தைக் கடக்கத்தான் பையன்கள் பணத்தை எண்ணி வைத்துக்கொண்டு பட்டறை வாசலில் நிற்கிறார்கள்.

டயர் விஷயம் வெளியிலிருந்து பார்க்கச் சுலபமாகத் தெரியும். அவெஞ்சரின் டயரில் 130/90-15 என்று இருக்கும். 130 அகலம், அதில் 90 சதவீதம், அதாவது 117 மி.மீ., பக்கச்சுவரின் உயரம், 15 அங்குல ரிம். மொத்தம் கூட்டினால் சக்கரத்தின் விட்டம் 615 மி.மீ. சொச்சம். அதே ரிம்மில் அகலமான டயரை அமுக்கி மாட்டினால் ஓரங்கள் உள்ளே இழுக்கப்பட்டு, டயர் தன் உருவத்தை இழக்கும். எனவே ரிம் மாற வேண்டும். ரிம் மாறினால் ஸ்விங் ஆர்மின் உள்பக்கம் இடம் போதாது. இடம் கிடைத்தாலும் செயின் டயரில் உரசும். ஸ்ப்ராக்கெட்டை வெளியே தள்ள வேண்டும். தள்ளுவதற்குச் சோம்பல்பட்டுச் சக்கரத்தையே ஒரு பக்கம் நகர்த்தினால் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே கோட்டில் இருக்காது.

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும் வளைவில் வண்டி வேறு மாதிரி நடந்துகொள்ளும். அகல டயர் சாயும்போது, அது தரையைத் தொடும் இடம் நடுவிலிருந்து உள்பக்கமாக நகர்ந்துவிடும். வண்டி நிமிரப் பார்க்கும். அதே வளைவுக்கு இன்னும் அதிகமாகச் சாய்க்க வேண்டியிருக்கும். தாழ்ந்த க்ரூஸரில் அதற்குள் கால் வைக்கும் கம்பி ரோட்டைத் தொட்டுவிடும்.

ரேக் இதைவிட நுட்பமானது. ஹேண்டில் திரும்பும் அச்சு செங்குத்துக் கோட்டிலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதுதான் ரேக். அந்த அச்சைத் தரைவரை நீட்டினால் ஒரு புள்ளியில் தொடும். முன்டயர் தரையைத் தொடும் இடம் அதற்குக் கொஞ்சம் பின்னால் இருக்கும். இந்த இடைவெளிக்குப் பெயர் டிரெயில். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் சக்கரம் தானாகப் பின்னால் திரும்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். பைக்கின் முன்சக்கரம் நேராக நிற்க உதவுவதும் அதே விஷயம்தான்.

ஒரு ராத்திரி நான் கணக்குப் போட்டு அண்ணனுக்குக் காட்டினேன். 30 டிகிரி ரேக், ஃபோர்க் அச்சிலிருந்து 50 மி.மீ. தள்ளி இருக்கிறது, முன்சக்கர ஆரம் 297 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் டிரெயில் 114 மி.மீ. வரும். இப்போது சேஸின் கழுத்தை வெட்டி ஆறு டிகிரி கூட்டினால் டிரெயில் 154 ஆகும். கழுத்தைத் தொடாமல், ஃபோர்க்கைப் பிடிக்கும் டி ஸ்டெம்மை மட்டும் ஆறு டிகிரி சாய்வாகச் செய்து மாட்டினால், 700 மி.மீ. நீள ஃபோர்க்கில் டிரெயில் 30-க்குப் பக்கத்தில் வந்துவிடும்.

முதல் வண்டி நேர்ரோட்டில் தண்டவாளத்தில் போவது போலப் போகும், சந்தில் திருப்பினால் ஹேண்டில் தானாக ஒரு பக்கம் விழும். இரண்டாவது வண்டி திருப்ப லேசாக இருக்கும், வேகம் கூடியதும் தலையை ஆட்ட ஆரம்பிக்கும். பக்கவாட்டில் நின்று போட்டோ எடுத்தால் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். விவரமான பில்டர்கள் கழுத்திலும் கொஞ்சம், டி ஸ்டெம்மிலும் கொஞ்சம் என்று பிரித்துக் கூட்டி டிரெயிலைப் பழைய இடத்துக்கே கொண்டுவருவார்கள்.

அண்ணன் பேப்பரை வாங்கிப் பார்த்தார். "இங்க பாரு கண்ணு, இது எனக்குக் கையில தெரியும். எண்ணா இப்பத்தான் பாக்கறேன்" என்றார்.

அடுத்த மாசம் ஒரு பையன் வந்தான். இருபத்திரண்டு வயசு இருக்கும். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. வேறொரு ஊரில் யாரோ கண் அளவில் சாய்த்துக் கொடுத்த வண்டி. அவன் நண்பன்தான் ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். எழுபதைத் தாண்டியதும் ஹேண்டில் உதறி, கீழே போட்டிருக்கிறது. அண்ணன் அளந்து பார்த்துவிட்டு, பழைய டி ஸ்டெம்மையே மாட்டிக்கச் சொன்னார். பையன் தயங்கினான். "அண்ணே, பாக்கறதுக்கு நல்லாத்தானுங்ணா இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது சாமி. அதுக்காகக் கையி போச்சுன்னா?"

அண்ணனின் சொந்த வண்டிக்குக் குறுக்கே நின்றது சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. எரிபொருள் மாற்றும் கிட், மாற்றுத்திறனாளிகளுக்கான மாற்றங்கள் போன்றவற்றுக்குச் சட்டத்தில் வழி உண்டு. ஃபோர்க்கின் சாய்வு அந்தப் பட்டியலில் இல்லை. இதில் இன்னொரு விஷயம், பல வண்டிகளில் சேஸ் நம்பர் பொறித்திருப்பது கழுத்துக் குழாயில்தான். ரேக் கூட்ட எங்கே கத்தி வைக்க வேண்டுமோ, அங்கேயே அரசாங்கம் வண்டியின் பெயரை எழுதி வைத்திருக்கிறது.

அந்த மாவுக்கட்டைப் பார்த்தவன் என்ற முறையில் சட்டத்தின் பயம் எனக்குப் புரிகிறது. ரோடு எல்லாருக்கும் பொது. உதறும் வண்டி எதிரே வருகிறவர் மேலும்தான் விழும். ஆனால் அளந்து செய்தவரையும் கண்ணை மூடிக்கொண்டு சாய்த்தவரையும் அந்தப் பிரிவு ஒரே வரியில் நிறுத்துகிறது. பிரிட்டனில் தனி ஆள் கட்டிய பைக்கையும் சோதனைக்குக் கொண்டுபோய், தேறினால் ரோட்டில் ஓட்டலாம். அங்கே ஒரு வெல்டர், "என் வேலையைச் சோதிச்சுப் பாருங்க" என்று சொல்ல ஒரு வாசல் இருக்கிறது. அண்ணன் தட்டுவதற்கு அப்படி ஒரு வாசல் இங்கே இல்லை. அவர் கேட்டது சலுகை இல்லை, பரீட்சை.

கடைசியில் அவெஞ்சரை அவர் வெட்டவில்லை. காயலான் கடையில் எடைக்கு ஒரு பழைய சேஸ் வாங்கினார். ஜிக் செய்து, கழுத்தை வெட்டி, உள்ளே குழாய் கொடுத்து வெல்டிங் வைத்தார். புது டி ஸ்டெம் லேத்தில் கடைந்தார். பின்னால் 180 மி.மீ. டயர். எட்டு மாசம் ஆனது. அந்த வண்டிக்கு நம்பர் பிளேட் கிடையாது, கிடைக்கவும் கிடைக்காது.

சொந்தக்காரர் ஒருவரின் தென்னந்தோப்புக்குள் நீளமான மண்பாதை இருக்கிறது. மினி டெம்போவில் ஏற்றி அங்கே கொண்டுபோனோம். நானும் ஓட்டினேன். மெதுவாகப் போகும்போது ஹேண்டில் கனத்தது. நாற்பதில் அமைதியாகிவிட்டது. லேசாகக் கையை எடுத்தேன், நேராகப் போனது. கணக்குப் போட்டபோது எனக்கு 110 என்ற எண் வந்திருந்தது. அந்த எண் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. அண்ணன் தென்னை மரத்தில் சாய்ந்து நின்று, வண்டி போவதைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அதுவும் வேண்டியிருந்தது.

இப்போது அந்த வண்டி பட்டறை வாசலில் நிற்கிறது. பார்த்துவிட்டு வருகிற பையன்களிடம் அண்ணன் விலை சொல்வதில்லை. அவர்கள் வண்டியை நேராக நிறுத்தச் சொல்கிறார். முன் ஆக்ஸிலிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒரு சாக்பீஸ் புள்ளி. கழுத்தின் சாய்வோடு நூல் பிடித்துத் தரையில் இன்னொரு புள்ளி. பிறகு ஸ்கேலைப் பையன் கையிலேயே கொடுக்கிறார்.

"எவ்வளவு வருதுன்னு நீயே அளந்து சொல்லு கண்ணு. அதுக்கப்புறம் பேசலாம்."