நிலை வைத்த கை

தெல்தோட்டைப் பக்கம் தச்சரும் பாஸ்தான், மேசனும் பாஸ்தான். ஆனாலும் அடைமொழி ஏதும் இல்லாமல் 'பாஸ்' என்று கேட்டால், எங்கள் லயத்துத் தொங்கல் காம்பராவைத்தான் கைகாட்டுவார்கள். பிள்ளைகளுக்கு அவர் பாஸ் மாமா.

தோட்டத்துச் செக்ரோலில் அவர் பேர் தச்சு வேலைக்குப் பதிவாகியிருந்தது. ஸ்டோரில் கொழுந்து வாட்டும் தட்டுகளைப் பழுது பார்ப்பார். துரை பங்களாவின் ஜன்னல், ஆஸ்பத்திரிக் கட்டில், பிள்ளைக் காம்பராவில் ஏணை கட்டுகிற கட்டை, யாராவது செத்துவிட்டால் இரவோடிரவாகப் பெட்டி, எல்லாம் அவர் கைதான். பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பாஸ் ஒருவரிடம் சிறுவயதில் எடுபிடியாக நின்று பழகிய வேலை. அந்தக் குருவைப் பற்றிப் பேசும்போது, உளியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசுவார்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் லூல்கந்துர தோட்டம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட இடம். முதலில் பங்களா விறாந்தையிலேயே தூள் செய்தார்கள். கொழுந்தை மேசையில் கொட்டிக் கையால் உருட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த இந்தக் கதையை நான் ஒப்பித்தபோது பாஸ் மாமா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்த மேசைய அடிச்சவன் யாருடா தம்பி?" எந்தப் புத்தகத்திலும் அந்தப் பேரை நான் இதுவரை பார்க்கவில்லை.

ஊர் முழுக்க அவர் அடித்த கதவுகள். அவர் இருந்ததோ பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. இஸ்தோப்பை ஒரு முழம் நீட்டுவதானாலும் துரையிடம் கேட்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தார்கள். எந்த வருடம் யார் பேர் வரும் என்று தெரியாத சனம் எந்த மண்ணில் அத்திவாரம் வெட்டும்?

எழுபதுகளில் கடதாசி வந்தவர்கள் வந்து நின்றது பாஸ் மாமாவின் வாசலில். இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறப் பெட்டி வேண்டும். ஸ்டோரில் கழித்த தேயிலைப் பெட்டிகளின் ஒட்டுப்பலகையைப் பிரித்து, உள்ளே சவுக்குச் சட்டம் கொடுத்து, மூலைக்கு மூலை தகரப்பட்டி மடித்து அடிப்பார். பலகையின் உட்பக்கம் தேயிலைத் தூள் ஒட்டியே இருக்கும், தட்டத் தட்ட மணக்கும். மூடியில் குடும்பத் தலைவர் பேரையும் போய்ச் சேருகிற ஊரையும் பெயின்டில் எழுத வேண்டியது நான். கூலி வாங்கமாட்டார், ஆணிக்காசு மட்டும். வெகுகாலம் கழித்துக் கூடலூரில் ஒரு வீட்டில் அந்தப் பெட்டிகளில் ஒன்றைக் கண்டேன். அரிசி போட்டு வைத்திருந்தார்கள். நாலு மூலையும் ஒரு நூல் அசையவில்லை. என் கோணல் எழுத்தும் அழியவில்லை.

பாஸ் மாமா போகவில்லை. பென்ஷன் வயது வந்ததும், தன் சேமலாப நிதிக் காசையும் மாமியின் காசையும் சேர்த்து, தெல்தோட்டைக் கடைவீதிக்கு மேலே ஒரு துண்டுக் காணி வாங்கினார். உறுதியை மாமியின் பேருக்கு எழுதச் சொன்னார். கைமரமும் சலாகையும் மாத்திரம் அறிந்திருந்தவர், அதில் கட்டிய சொந்த வீட்டில்தான் கல்லும் சாந்தும் படித்தார். வீடு எழும்பியதைப் பார்த்த மற்றவர்கள் வரத் தொடங்கினார்கள்: தமிழ் வாத்தியார் ஒருவர், புடவைக்கடை முஸ்லிம் குடும்பம் ஒன்று, கொழும்பில் கடைவேலை செய்து காசு சேர்த்த பையன்கள். பெரிய கட்டடம் எதையும் அவர் எடுக்கவில்லை. குடும்பம் இருக்கிற வீடுதான் வேண்டும் என்பார்.

அவர் வேலைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதல் நாள் மண்வெட்டி விழுவது அத்திவாரத்தில் அல்ல. மேல்பக்கம் தண்ணீர் ஓடக் கான் வெட்டுவதில். "மலைக்கு வழி விடு, அப்புறம் நீ கட்டு" என்பார். 2014இல் மீரியபெத்த லயங்கள் மண்ணுக்குள் போன செய்தியைக் கேட்டபோது இந்த வார்த்தைதான் என் நெஞ்சை அடைத்தது.

வாசல் நிலைக்குப் பலாதான். பலாவை வெட்ட 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். அந்தக் கடதாசி கிடைக்கும்வரை பொறுத்திருப்பார், வேறு மரம் வைக்கமாட்டார். கழுந்தைத் துளைக்குள் இறக்கும்போது ஆணியும் இல்லை, பசையும் இல்லை. கொட்டாப்புளியால் மெதுவாக நாலு தட்டு. பிறகு மூலைமட்டத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, இணைப்பின்மேல் கட்டைவிரலை ஓட்டுவார். விரல் தடக்கினால் கழற்றி மறுபடி இழைப்புளி. மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, நிலையைத் தூக்கி நிறுத்தும்போது வீட்டுக்காரப் பெண்ணின் கையும் அதில் பட வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம்.

ஒருமுறை எங்களை எம்பக்கே தேவாலயத்துக்குக் கூட்டிப்போனார். பதினான்காம் நூற்றாண்டில் கம்பளை அரசர் காலத்தில் எழுந்தது. எங்கள் முருகனான கதிர்காமத் தெய்வத்துக்குரியது. தூண்களில் அன்னமும் மல்லர்களும் தாயும் பிள்ளையுமாக மரவேலை. தெல்மட மூலாச்சாரியின் கை என்பார்கள். 514 செதுக்கல்கள் என்று கணக்கும் உண்டு. எல்லாரும் தூணைச் சுற்ற, மாமா மட்டும் தலையை நிமிர்த்திக் கூரையையே பார்த்தபடி நின்றார். அங்கே 26 கைமரங்கள் ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன. அத்தனையையும் ஒரு மர ஆப்புப் பிடித்து நிற்கிறது. மடோல் குருப்பாவ என்று அதற்குப் பெயர். "பூவும் மயிலும் பழகினா யாரும் செதுக்கலாம்டா. இந்தப் பாரத்த ஒரு எடத்துல கூட்டி நிறுத்தினான் பாரு, அவன்தான் ஆசாரி." அவர் கண் கலங்கியிருந்தது. கண்டிக்குப் போகிற யாரையும் இன்றும் நான் அந்தக் கூரையைப் பார்க்கத்தான் அனுப்புகிறேன்.

அவர் காலமான பிறகுதான் தோட்டங்களில் வீட்டுக்கு ஏழு பேர்ச் காணி என்ற பேச்சு வலுத்தது. ஏழு பேர்ச் என்றால் ஏறக்குறைய 1,900 சதுர அடி. இந்திய உதவியில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள். 2017 மே மாதம் மோடி வந்தபோது இன்னும் 10,000 என்றார்கள். வரவேண்டிய வீடுகள்தான், வெகு தாமதமாக வருகின்றன. லயங்கள் இன்னமும் நிற்கின்றன, அவற்றில் இன்னமும் பிள்ளைகள் பிறக்கிறார்கள்.

மாமாவிடம் பழகிய பையன்களில் பலர் கட்டாரில் சட்டரிங் அடிக்கிறார்கள். ஒருவர் மட்டும் கலஹா ரோட்டில் பட்டறை போட்டிருக்கிறார். ஜன்னலெல்லாம் இப்போது அலுமினியம். வாசல் நிலைக்கு மட்டும் அவரிடம் வருகிறார்கள். காணி உறுதி இன்னும் கைக்கு வராத தோட்டத்துச் சனமும் வந்து, நிலை பலாவில்தான் வேண்டும் என்று முற்பணம் கட்டிவிட்டுப் போகிறது.