லைட் போட்ட புண்ணியவான்

எதிரே வருகிற லாரி இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டினால் என்ன அர்த்தம்?

கல்யாணமாகாத வாலிபர்கள் அவசரப்பட்டு வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹைவேயில், பட்டப்பகலில், ஹெட்லைட் பளிச் பளிச் என்றால் 'தம்பி, கொஞ்ச தூரத்தில் மாமா நிக்கிறார், காலை எடு' என்று அர்த்தம். லாரிக்காரர் உங்களுக்கு மாமனா மச்சானா? முன்பின் பார்த்ததுண்டா? கிடையாது. ஆனாலும் சொல்லிவிட்டுப் போகிறார். ஜாதி, மதம், கட்சி, ரசிகர் மன்றம் எல்லாவற்றையும் தாண்டி நம்மை ஒன்றுபடுத்துகிற சக்தி இந்த நாட்டில் ஒன்று உண்டென்றால், அது மரத்தடியில் ஸ்பீட் கன்னுடன் நிற்கும் போலீஸ்தான்.

அடியேனும் ஒருமுறை மாட்டியிருக்கிறேன். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். தப்பு என்னுடையது, ஊர் என்ன பாவம் செய்தது? அபராதம் ஆயிரம் ரூபாய். பி.காம். படித்தவன் ஆயிற்றே, அன்றிலிருந்து எதிரே வருகிற ஒவ்வொரு லைட்டையும் வரவு வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். அந்தக் கணக்கு தப்பு என்று எனக்குத் தெரிந்தது எலவனாசூர்கோட்டையில்.

சில வருஷங்களுக்கு முன்னால், மாசி மாதம். சேலத்தில் ஒரு கல்யாணம். சென்னையிலிருந்து காரில் கிளம்பினோம். பக்கத்து சீட்டில் என் மச்சினன். கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. உலகத்தில் எல்லாமே மெதுவாகப் போகிறது என்பது அவன் கருத்து, குறிப்பாக நான்.

திண்டிவனம், விழுப்புரம் தாண்டி, உளுந்தூர்பேட்டையில் திருச்சி சாலையை விட்டு வலது பக்கம் திரும்பினால் சேலம் ரோடு. பழைய நம்பர் என்.எச். 68, இப்போது 79. ஆசனூர் தாண்டியதும் அடுத்த பெரிய ஊர் எலவனாசூர்கோட்டை. நம்மில் பல பேருக்கு அது ஒரு ஊர் இல்லை. பச்சை போர்டில் ஒரு பெயர். படித்து முடிப்பதற்குள் ஊர் போய்விடும். அவ்வளவு நீளமான பெயர், அவ்வளவு வேகமான நாம்.

இந்த ரோட்டில் அப்போது ஒரு வேடிக்கை. நாலு வழியாக ஜம்மென்று வருகிற சாலை, ஊர்களைச் சுற்றிப் போகும் பைபாஸ் வந்ததும் இரண்டு வழியாகச் சுருங்கிவிடும். தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர் என்று வரிசையாக இதே கதை, எலவனாசூர்கோட்டையிலும் இதே. பிறகு அகலப்படுத்தும் வேலையை எடுத்தார்கள். ஆனால் நான் சொல்கிற அன்றைக்கு, நடுவில் திட்டு இல்லை, தடுப்பு இல்லை. இதுவரை அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த பஸ், திடீரென்று உங்கள் மூக்குக்கு நேரே வரும்.

மணி ஐந்தரை, ஐந்தே முக்கால் இருக்கும். மேற்கே போகிறோம், சூரியன் நேராகக் கண்ணாடியில் விழுகிறான். ஸ்பீடாமீட்டர் 95-ல். அப்போது எதிரே வந்த லாரி ஒன்று பளிச், பளிச்.

"மாமா! மாமா நிக்கிறாங்க மாமா!" என்று கத்தினான் மச்சினன்.

சட்டென்று காலை எடுத்தேன். 95 எழுபதாகி, எழுபது ஐம்பதாகியது. சீட் பெல்ட்டைச் சரிசெய்து, முகத்தை ஒரு ஸ்கூல் வாத்தியார் மாதிரி வைத்துக்கொண்டேன். வளைவு வந்தது. மரத்தடியில் யாரும் இல்லை. பாலத்துக்குப் பக்கத்திலும் இல்லை. "ஏமாத்திட்டான் மாமா, மிதிங்க" என்றான்.

மிதிக்க வலது காலை வைத்தேன். முன்னால் ரோடு இல்லை. கரும்புதான் இருந்தது.

டிராக்டர் டிரெய்லர் ஒன்று அச்சு உடைந்து பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் லைட் கிடையாது. சக்கரத்துக்கு அடியில் நாலு கருங்கல். அதற்குப் பின்னால் பத்தடியில் ஒரு வேப்பங்கொத்து. அதுதான் எச்சரிக்கைப் பலகை! எதிர்ப்பக்கம் டவுன் பஸ். ஐம்பதில் வந்ததால் பிரேக் பிடித்தது. கரும்புத் தோகை பானெட்டின் மேல் உரச, வண்டி நின்றது.

இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. எல்லாமே மெதுவாகப் போகிறது என்று சொல்லும் மச்சினன் கூட.

கொஞ்சம் தள்ளி ஒரு டீக்கடை. இறங்கினோம். கிளாஸ் கையில் ஆடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"கரும்பு வண்டியா சார்? ஆலை ஓடுற சீசன் பாருங்க" என்றார். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. வெட்டுகிற காலத்தில் இந்தப் பக்கத்து ரோடுகளில் கரும்பு நடமாடும்.

"லாரிக்காரர் லைட் போட்டாரு, போலீஸ்னு நெனச்சோம்" என்றேன்.

"போலீஸும் நிக்கும் சார். இதே வளைவுலதான் நிப்பாங்க. ஏன்னு நெனக்கிறீங்க? நெழலுக்கா?" ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்தாமல் சொன்னார்: "இங்க ஒண்ணு போலீஸ் நிக்கும், இல்லாட்டி ஆம்புலன்ஸ் நிக்கும்."

நான் படித்த அக்கவுன்டன்சி புத்தகம் எதிலும் இவ்வளவு சுருக்கமாக ஒரு கணக்கு போட்டதில்லை.

டிராக்டரை நகர்த்தும்வரை போக முடியாது என்றார்கள். அதுவரை சும்மா நிற்பானேன் என்று ஊருக்குள் போனோம். பத்து வருஷமாகத் தாண்டிப் போன ஊருக்குள் அன்றுதான் முதல்முறை.

பெயரிலேயே கோட்டை இருக்கிறது. மேடான இடத்தில் பழைய சிவன் கோயில். சோழர் காலத்துக் கல்வெட்டுகள் நிறைய உண்டு. அவற்றில் ஊருக்குப் பெயர் இறையானரையூர். சாமிக்குப் பெயர் 'ஊர்ப்பாகம் கொண்டருளிய மகாதேவர்'. அதைத்தான் இப்போது கிராம அர்த்தநாரீஸ்வரர் என்கிறார்கள். கயிலாயத்தில் அம்மனுக்குப் பாதி உடம்பைக் கொடுத்தவர், இங்கே வந்து ஊரில் பாதியை எடுத்துக்கொண்டார்!

பிராகாரத்தில் உட்கார்ந்தபோது எனக்கு ரோடு ஞாபகம் வந்தது. இரண்டு வழிச்சாலையும் இதே பாகப்பிரிவினைதான். பாதி நமக்கு, பாதி எதிரே வருகிறவனுக்கு. அவன் பாகத்தை நாம் எடுத்துக்கொண்டால், நம் பாகத்தை சாமி எடுத்துக்கொள்வார்.

இந்த ஊர் நின்ற இடத்திலேயே தென்னார்க்காட்டிலிருந்து 1993-ல் விழுப்புரம் மாவட்டத்துக்குப் போய், 2019-ல் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கும் வந்துவிட்டது. ஓடாமலே மூன்று மாவட்டம் பார்த்த ஊர். நாம்தான் சேலத்துக்குள் போக இப்படிப் பறக்கிறோம்.

போலீஸைக் காட்டிக்கொடுக்கும் இந்தக் கலை நம் லாரிக்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்போது இங்கிலாந்தில் காருக்கு உச்ச வேகம் மணிக்கு 20 மைல். போலீஸார் வேலிக்குப் பின்னால் கடிகாரத்துடன் ஒளிந்து நின்று பிடித்தார்கள். கார் வைத்திருந்த கனவான்களுக்கு ரோஷம் வந்து, 1905-ல் ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்று சங்கம் ஆரம்பித்தார்கள். முதல் வேலை, சைக்கிளில் ஆட்களை அனுப்பி, 'முன்னால் போலீஸ்' என்று உறுப்பினர்களுக்குச் சொல்வது.

1910-ல் கோர்ட், அப்படி எச்சரிப்பது போலீஸ் வேலைக்கு இடைஞ்சல் என்று தீர்ப்பு சொன்னது. சங்கம் யோசித்தது. சங்கத்து ஆள் உறுப்பினர் காரைப் பார்த்தால் சல்யூட் அடிப்பது வழக்கம். இனிமேல் சல்யூட் அடிக்காவிட்டால் வண்டியை நிறுத்தி ஏன் என்று கேளுங்கள் என்றார்கள். சல்யூட் அடிக்காததற்கு எந்தச் சட்டத்தில் தண்டனை இருக்கிறது? நம்ம ஊர் வக்கீல்கள் தோற்றார்கள் போங்கள்!

ஆனால் கதையின் மிச்சத்தைக் கேளுங்கள். போலீஸைக் காட்டிக்கொடுக்கப் பிறந்த அதே சங்கம், ஊருக்கு ஊர் பெயர்ப் பலகையும், அபாய எச்சரிக்கைப் பலகையும் நட ஆரம்பித்தது. 'போலீஸ் இருக்கு' என்று சொல்ல ஆரம்பித்தவர்கள், 'வளைவு இருக்கு' என்று சொல்ல வந்து சேர்ந்தார்கள்.

இனி நம்ம கணக்கு. பைபாஸ் நாலு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறில் போனால் 2 நிமிஷம் 24 செகண்ட். அறுபதில் போனால் 4 நிமிஷம். லாபம் 96 செகண்ட். மாட்டினால் அபராதம் ஆயிரம் ரூபாய். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி கார்களுக்கு அதுதான் ஆரம்ப விலை. இரண்டாயிரம் வரை போகும். ஆக, மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு செகண்டுக்கும் பத்து ரூபாய் சொச்சம். இந்த ரேட்டில் மிச்சம் பிடித்த நேரத்தை டீக்கடையில் உட்கார்ந்து செலவு செய்கிறோம்.

இது பற்று வரவின் ஒரு பக்கம்தான். அடுத்த பக்கம் கொஞ்சம் கஷ்டம். அறுபதில் போகிற கார், ஆபத்தைப் பார்த்து ஒரு செகண்டில் பிரேக் மிதித்தால், காய்ந்த ரோட்டில் நிற்க ஏறக்குறைய 37 மீட்டர் வேண்டும். நூறில் போனால் 80 மீட்டருக்கும் மேலே. அதாவது, அறுபதில் வந்தவன் நின்றுவிட்ட அதே இடத்தில், நூறில் வந்தவன் இன்னும் தொண்ணூறு வேகத்தில் போய்க்கொண்டிருப்பான். அந்த இடத்தில் கரும்பு வண்டி இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுத விரும்பவில்லை.

2022-ல் மட்டும் தமிழ்நாட்டு ரோடுகளில் இறந்தவர்கள் 17,884 பேர். ஒரு நாளைக்கு 49. தினம் ஒரு டவுன் பஸ் நிறைய ஆட்கள். 2018-ல் மத்திய அரசு உச்சவேகத்தை ஏற்றி, எக்ஸ்பிரஸ் சாலையில் காருக்கு 120 வரை அனுமதித்தது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பையே ரத்து செய்தது. வேகத்தால் எத்தனை பேர் சாகிறார்கள் என்று பார்த்துத்தான்.

அதற்காக மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நிற்பது நியாயமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன், ஆயிரம் ரூபாய் கட்டிய சூட்டில். ஸ்பீட் கன்னுக்கு ஒளியவே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத ஒளித்துடிப்பை அனுப்பி, அது உங்கள் வண்டியில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து வேகத்தைச் சொல்லிவிடும். நீங்கள் போலீஸைப் பார்ப்பதற்கு முன்னால் அது உங்களைப் பார்த்திருக்கும். என்னைக் கேட்டால், பத்தடி உயரத்தில் போர்டு வைத்து, வெளிச்சமாக நின்றே பிடிக்கலாம். மாட்டாமல் எல்லாரும் மெதுவாகப் போனால் கல்லாவுக்கு நஷ்டம், ஊருக்கு லாபம்.

கல்யாணம் முடிந்து மறுநாள் திரும்பினோம். இந்தத் தடவை மச்சினன் ஓட்டினான். கள்ளக்குறிச்சிக்கு முன்னால் இடது பக்கம் கல்வராயன் மலை நீலமாகக் கூடவே வந்தது. தியாகதுருகத்தில் மலைமேல் கோட்டையைப் பார்த்தோம். போகும்போது இதெல்லாம் இருந்ததா என்று கேட்டான். "இருந்தது, நாமதான் இல்லை" என்றேன்.

எலவனாசூர்கோட்டை வளைவு வந்தது. டிராக்டர் போய்விட்டது. நாலு கருங்கல்லும் அப்படியே ரோட்டில்! (உதவி செய்த கல்லை எடுத்துப் போட நம்மில் யாருக்கும் நேரம் இருப்பதில்லை.) ஓரமாக நிறுத்தச் சொல்லி, இரண்டு பேரும் உருட்டித் தள்ளினோம்.

திரும்ப வண்டியில் ஏறி வளைவைத் தாண்டியபோது எதிரே ஒரு பைக். மூன்று பையன்கள், ஹெல்மெட் இல்லை, சட்டை பின்னால் கொடி மாதிரி பறக்கிறது. மச்சினன் ஒன்றும் சொல்லாமல் லைட்டைப் போட்டான். பளிச், பளிச்.

பைக் சட்டென்று வேகம் குறைந்தது. பின்னால் இருந்தவன் கை தூக்கி தேங்க்ஸ் சொன்னான். அடக்கமாக வளைவுக்குள் போனார்கள்.

"ஏன்டா, போலீஸ் யாரும் நிக்கலையே?" என்றேன்.

"வளைவு நிக்குதே மாமா" என்றான்.