இளைப்பாறியவனின் நாற்காலி

2022 டிசம்பர் 31 ஆந் திகதி மாலையில் அடியேனும் இளைப்பாறியோர் வரிசையிற் சேர்ந்தேன். அரசாங்க ஊழியர் 65 வயதுவரை கடமையாற்றலாமென அவ்வாண்டின் தொடக்கத்தில் விதி வந்தது; ஓகஸ்டில் வந்த இடைக்கால வரவு செலவுத் திட்டம் எல்லையை மீண்டும் 60 ஆக்கிற்று. வயது கடந்தோர் பலர் ஒரே நாளில் வெளியேறினோம். எனக்கு மாலை அணிவித்தவர்களுள் ஒருவராவது அடுத்த தவணையிற் கணிதம் கற்பிப்பவர் யாரெனக் கேட்டாரில்லை.

தெரணியகலை, எட்டியாந்தோட்டை, இறக்குவானைப் பக்கத்துத் தோட்டங்களை அறிந்த அன்பர்கட்கு இதன் பொருள் விளங்கும். அங்குள்ள தமிழ்ப் பாடசாலைகளுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க வருவோர் சிலரே. அவர்களும் இடமாற்றம் கிடைத்ததும் மலை இறங்கிவிடுவர். ஆதலால், சில மாதங்களின் பின் அதிபர் வீடு தேடி வந்து ஒப்பந்த அடிப்படையில் அழைத்தபோது என்னால் மறுக்க இயலவில்லை.

"பென்சனும் எடுத்துக்கொண்டு கொடுப்பனவும் எடுப்பதோ?" என்றார் நண்பரொருவர். ஓய்வூதியம் அரசாங்கம் இடும் பிச்சையன்று. 30 ஆண்டு உழைப்பிற்குப் பின்னர் தரும் கூலி. இந்திய மத்திய அரசு 2020 இல் வகுத்த விதியோ, ஒப்பந்தத்தில் மீளும் ஊழியருக்குக் கடைசிச் சம்பளத்தில் ஓய்வூதியத்தைக் கழித்து மிகுதியையே கொடுக்கிறது. பழைய உழைப்பின் பயனைப் புதிய உழைப்பின் கூலியிற் கழிப்பது என்ன நியாயமோ!

இதைக் கூறுகையில் நா சற்றே கூசுகிறது. என் தாயார் இறப்பர்ப் பால் வெட்டியவர். நம் கல்லூரி விடுதிக்கு நான் கட்டிய பணம் அவரது பால்வாளியிலிருந்து வந்ததே. அவருக்கு ஓய்வூதியமில்லை. 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த சேமலாப நிதி ஒருமுறை கிடைத்தது. தங்கையின் திருமணத்தோடு அதுவுந் தீர்ந்தது. பின்னரும் அவர் கைக்காசு வேலைக்குப் போனார். அதற்கு மீள்நியமனம் என்று யாரும் பெயரிடவில்லை.

ஆயினும் என்னை உறுத்துவது வேறொன்று. என்னிடம் படித்த தோட்டத்துப் பெண்ணொருத்தி, கணிதத்திற் பட்டம் பெற்று நியமனத்திற்குக் காத்திருப்பவள், ஒருநாள் பாடசாலை வாயிலில் நின்று கேட்டாள்: "சேர், நீங்க இருக்கிறவரைக்கும் அந்த இடத்த வெற்றிடம்னு காட்டமாட்டாங்களாமே?"

விசாரித்தேன், உண்மைதான். பட்டியலில் என் நாற்காலி நிரம்பிய நாற்காலி.

இளைப்பாறியோர் மீள்வதை நான் எதிர்க்கவில்லை. ஆளில்லாத வகுப்பிற்கு ஓர் ஆள் வேண்டும். ஆனால் ஒப்பந்தக்காரன் இருக்கும் இடமும் வெற்றிடமாகவே கணக்கிடப்படல் வேண்டும். நிரந்தர ஆசிரியர் வந்த அன்றே அவன் எழுந்துவிடல் வேண்டும். இதனை எழுதி மேலிடத்திற்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. கடிதத்தின் பிரதியொன்றை அவள் கேட்டு வாங்கிச் சென்றாள்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் படிவம் இன்னும் ஒப்பமிடப்படாமல் மேசைமேற் கிடக்கிறது. பதினொராந் தரத்தில் 23 பிள்ளைகள். அட்சரகணிதம் பாதியில் நிற்கிறது.