தொங்கும் சக்கரத்தில் போட்ட நட்டு

பிரேக்கை மிதித்தால் முன்பக்கம் இடது பக்கத்தில் ஒரு 'டக்'. நின்ற வண்டி மறுபடி நகரும்போது இன்னொரு 'டக்'. நடுவில் ஒன்றும் இல்லை. இந்தச் சத்தத்தோடு ஆறு மாதம் வானூரிலிருந்து கழுவெளி ஏரியைச் சுற்றிக்கொண்டு மரக்காணம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தேன். "ஏங்க, என் காலுக்குக் கீழ என்னமோ அடிக்குதுங்க" என்று மனைவி இரண்டு தடவை சொல்லிவிட்டாள். நான் பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.

வண்டி மாருதி 800. 1983-இல் வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன வண்டி. என்னிடம் வருமுன் மூன்று கை மாறியிருந்தது. எங்கள் தாலுகாச் சாலைகளை அறிந்தவர்களுக்கு அதன்மேல் இரக்கம் வரும். மேற்கே திருவக்கரையில் கல்குவாரிகள். ஜல்லி ஏற்றிய டிப்பர்கள் தார்ச்சாலையை உழுதுவிட்டுப் போகும். கிழக்கே மரக்காணத்து உப்பளக் காற்று. அது இரும்பைத் தின்னும். திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டுப் பழைய கல்மரங்கள் கிடக்கின்றன. மரமே கல்லாகிப்போன ஊருக்குப் பக்கத்தில் என் வண்டியின் ரப்பரும் கல்லாகிப்போனதில் ஆச்சரியம் இல்லை.

திண்டிவனம் சாலையில் உள்ள மெக்கானிக் சின்னக் கடப்பாரையை லோயர் ஆர்முக்கும் பாடிக்கும் நடுவே விட்டு ஒரு நெம்பு நெம்பினார். ஆர்ம் விரற்கடை அளவு முன்னும் பின்னும் போய்வந்தது. "ஆர்ம் புஷ் போச்சு சார்." சக்கரத்தைத் தாங்கும் கை அந்த ஆர்ம். அது பாடியோடு சேரும் மூட்டில் உள்ள ரப்பர் உருளைதான் புஷ். ரப்பர் செத்தால் பிரேக் போடும்போது சக்கரம் பின்னால் ஓடி இடிக்கும், எடுக்கும்போது முன்னால் ஓடி இடிக்கும். இரண்டு 'டக்'குக்கும் கணக்குச் சரியாக இருந்தது.

புஷ்ஷின் விலை சொற்பம், கூலிதான் அதிகம் என்று எனக்குப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை நானே போட்டுக்கொள்கிறேன் என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கிளம்பும்போது மட்டும், "எல்லாம் மாட்டினப்புறம் வண்டியக் கீழ எறக்கிட்டு டைட்டு குடுங்க சார்" என்றார். புது வண்டிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பதுபோல இதுவும் ஒரு மெக்கானிக் சாங்கியம் என்று நினைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருஷமாகப் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவன் நான். ஹூக் விதியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

ஒரு ஞாயிறு என்று நினைத்தது இரண்டு ஞாயிறாக நீண்டது. நட்டு கழன்றது, போல்ட்டு வரவில்லை. புஷ்ஷின் நடுவில் ஓர் இரும்புக் குழாய் உண்டு. போல்ட்டு அதற்குள் ஓடும். உப்புக்காற்றின் துரு இரண்டையும் ஒரே உடம்பாக்கி வைத்திருந்தது. ஸ்பானரால் திருப்பினால் போல்ட்டோடு குழாயும் சேர்ந்து சுற்றியது. மண்ணெண்ணெயும் பழைய ஆயிலும் கலந்து ஊற்றி வாரம் முழுக்க ஊறவைத்தேன். அடுத்த ஞாயிறு சுத்தியலை ஓங்கியபோதுதான் ஜாக்கி சாய்ந்தது.

எங்கள் வாசல் செம்மண் தரை. ஜாக்கியின் அடியில் நான் பலகை வைக்கவில்லை. ஆனால் எப்போதோ யாரோ சொன்ன ஞாபகத்தில் ஸ்டெப்னியை மட்டும் கழற்றி, கதவுக்குக் கீழே பாடியின் அடியில் படுக்கப் போட்டிருந்தேன். சுமார் 650 கிலோ வண்டி 'தொம்' என்று அதன்மேல் உட்கார்ந்தது. என் கை ஒரு சாண் தள்ளி இருந்தது.

அன்று இரவு தூக்கம் வராமல் படுத்திருந்தபோது புறநானூற்றின் 102-ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் எதற்கு ஒப்பிடுகிறார் தெரியுமா? உப்பு வணிகரான உமணர், பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ யார் கண்டது என்று வண்டியின் அடியில் கட்டிவைக்கும் சேம அச்சுக்கு. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் எங்கள் மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். அப்படியானால் அந்த உமணர் வண்டிகள் நான் தினம் போகும் வழியிலேயே உப்பேற்றிப் போயிருக்கலாம். ஸ்டெப்னி என்ற சொல் மட்டும் வெளியூர்ச் சரக்கு: வேல்ஸ் நாட்டு லனெல்லியில் ஸ்டெப்னி தெருவில் 1904-இல் மாற்றுச் சக்கரம் செய்து விற்ற கம்பெனியின் பெயர். பொருள் நம்முடையதுதான். ஜாக்கிக்கு அடியில் பலகை, பின்சக்கரத்துக்கு அண்டைக்கல், பாடிக்கு அடியில் உறுதியான முட்டு. இந்த மூன்றும் இல்லாமல் வண்டிக்கடியில் கை நீட்டுவதில்லை என்று அன்றிரவே முடிவு செய்தேன்.

மறுநாள் லீவு போட்டேன். போல்ட்டை ஹாக்சா பிளேடால் அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. பழைய புஷ்ஷை வைஸில் வைத்து ஒரு பக்கம் சின்ன சாக்கெட், மறுபக்கம் பெரிய சாக்கெட் கொடுத்து இறுக்கி வெளியே தள்ளினேன். புதியதை அதே வழியில் உள்ளே ஏற்றினேன். ரப்பரில் கிரீஸ் படக்கூடாது, ஊதிப்போகும் என்று எனக்குத் தெரியும். பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீர்தான் தடவினேன். ஆர்மை மாட்டி, புது போல்ட்டு போட்டு, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே வசதியாக உட்கார்ந்து நட்டைப் பலங்கொண்டமட்டும் முறுக்கினேன். 'டக்' போயே போய்விட்டது. ஸ்டாஃப் ரூமில் ஒரு வாரம் இதே பேச்சு.

நான்காவது மாதம் அது திரும்பி வந்தது. அதே இடம், அதே 'டக்'.

மட்டமான சாமானை விற்றுவிட்டான் என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டே கழற்றினேன். ரப்பர் குழாயை ஒட்டி வட்டமாகக் கிழிந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன். விரலால் கிழிசலைத் தடவியவர் கேட்டது ஒரே கேள்வி: "சக்கரம் தொங்கச்சொல்லவே டைட்டு குடுத்துட்டீங்களா சார்?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் அலமாரியிலிருந்து ஒரு புதுப் புஷ்ஷை எடுத்து, அதன் முகத்தில் நடுக்குழாயிலிருந்து வெளிக்கூடு வரை சாக்பீஸால் நேராக ஒரு கோடு போட்டார். நடுக்குழாயில் போல்ட்டை விட்டு, போல்ட்டை வைஸில் கடிக்கவைத்து நட்டை இறுக்கினார். பைப் ரெஞ்சால் வெளிக்கூட்டைப் பிடித்துத் திருப்பினார். குழாய் அசையவில்லை, கூடு சுற்றியது. நடுவில் ரப்பர் மேலிருந்த வெள்ளைக் கோடு அரிவாள் மாதிரி வளைந்தது. கையை விட்டார், கோடு நிமிர்ந்தது. "இது வழுக்கற சாமான் இல்ல சார், முறுக்கற சாமான்."

அவ்வளவுதான் விஷயம். ரப்பர் உள்ளே குழாயோடும் வெளியே கூட்டோடும் ஒட்டியது. நட்டை இறுக்கிய கணத்தில் குழாய் பாடியோடு பூட்டிக்கொள்கிறது. அப்போது ஆர்ம் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதுதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. நான் இறுக்கியபோது ஆர்ம் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. ஜாக்கியை இறக்கியதும் வண்டியின் பாரத்தில் ஆர்ம் மேலே வந்தது, ரப்பர் முறுக்கிக்கொண்டது. நான் வகுப்பில் பாடம் நடத்தும்போதும், இரவில் தூங்கும்போதும், வாசலில் நின்ற வண்டியின் அந்த ரப்பர் பிழிந்த துணிபோலவே இருந்திருக்கிறது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்த முறுக்குக்கு மேல் இன்னொரு முறுக்கு. முறுக்கு விசையும் மீட்சி எல்லையும் கரும்பலகையில் வருஷாவருஷம் நான் எழுதுகிறவைதான். அந்த நட்டை இறுக்கும்போது ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

இன்னொரு புஷ் வாங்கினேன். கடைக்காரரிடம் நான் சண்டைக்குப் போகாமல் இருந்ததே புண்ணியம். இந்தத் தடவை போல்ட்டைக் கையால் மட்டும் ஏற்றி, நட்டைத் தளர்வாக விட்டேன். ஆனால் வண்டியைக் கீழே இறக்கினால் அடியில் ஸ்பானர் பிடிக்க இடமில்லை. பனைமரத் துண்டுகள் இரண்டைத் தட்டையாகச் செதுக்கி முன்சக்கரங்களுக்குக் கீழே வைத்து, அவற்றின்மேல் வண்டியை இறக்கினேன். இப்போது பாரம் சக்கரத்தில், எனக்கும் கை போக இடம். பானெட்டை நாலு தடவை அமுக்கி விட்டு, வண்டி ஆடி அடங்கியபிறகு இறுக்கினேன். பிறகு புதுச்சேரியில் அலைன்மெண்ட்.

அந்த வாரக் கடைசியில் மனைவியை ஏற்றிக்கொண்டு மரக்காணம் போனேன். உப்பளங்களில் குவியல் குவியலாக உப்பு, வெயிலில் கண் கூசியது. பாட்டு போடவில்லை. ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் கேட்டது: 'டக்'.

வண்டியை ஓரம் கட்டினேன். எனக்கு வயிற்றைக் கலக்கியது. குனிந்து ஆர்மைப் பிடித்து ஆட்டினேன், பாறைபோல் நின்றது. சக்கரத்தை உதைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கடைசியில் மனைவிதான் டிக்கியைத் திறந்தாள். வண்டிக்கடியிலிருந்து எடுத்த ஸ்டெப்னியை உள்ளே போட்டவன், அதைப் பிடிக்கும் திருகைப் போட மறந்திருந்தேன்.

"இதுக்கும் வண்டியக் கீழ எறக்கணுமாங்க?" என்றாள்.