பிறேக் குழாய்

எம் தந்தையார் விட்டுச்சென்ற 1959 ஆம் ஆண்டு மொறிஸ் மைனரிலேயே நாம் இன்றும் கல்லூரிக்குச் செல்கின்றோம். சென்ற மாதம் ஒழுங்கை முகப்பில் ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே பாய்ந்தது. மிதித்த பிறேக் பஞ்சுபோல் அமிழ்ந்தது. கார் சற்றுப் பிந்தியே நின்றது. பின்னாசனத்தில் எம் மகள் இருந்தாள்.

"றப்பர் குழாய் மூன்றும் ஊதுது ஐயா. உருக்குக் கம்பி பின்னின குழாய் போடுவமே?" என்றார் கராஜ்காரர்.

அது விரியாது, விலையோ அதிகம். நாற்பது மைல் வேகத்தையே காணாத காருக்குப் பந்தயக் குழாய் எதற்கு? எனினும் இக்காரில் நான்கு சில்லுகளுக்கும் எண்ணெய்வழி ஒன்றே. ஓரிடத்தில் வெடித்தால் நான்கும் கைவிடும். எஞ்சுவது கைப்பிறேக் மாத்திரமே. குனிந்து பார்த்தோம்: உலோகக் குழாய்களைத் துரு அரித்திருந்தது.

புதிய றப்பர் குழாய்களே போதுமென்றோம். மிஞ்சிய பணத்தில் துருவேறியவற்றை நீக்கிச் செம்பு-நிக்கல் குழாய்கள் பூட்டுவித்தோம்.

"ஆடு வந்துதானோ உங்களுக்குச் சொல்லவேணும்?" என்றார் இல்லத்தரசியார்.