வயிற்றுக்கு ஹிப்னாடிசம்

மார்ச் 4, செவ்வாய்

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கொலனோஸ்கோபி எல்லாம் நார்மல். ஆனாலும் ஆபீஸ் கிளம்பும் நேரம் பார்த்து வயிறு முறுக்குகிறது. எரிச்சல் குடல் நோய் எனும் ஐ.பி.எஸ்.தான் என்று உறுதி செய்த குடல் டாக்டர், மாத்திரையோடு ஹிப்னோதெரபியும் செய்து பாருங்கள் என்றார். பொருட்காட்சி மேடையில் ஆளைத் தூங்கவைத்து வெங்காயத்தை ஆப்பிள் என்று தின்ன வைப்பார்களே, அதுவா? "வசியம் கிசியம் எல்லாம் நமக்கு வேண்டாம்டா" என்றாள் அம்மா.

மார்ச் 6, வியாழன்

மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் என்ற மருத்துவர், எந்த மருந்துக்கும் ஐ.பி.எஸ். மசியாத 30 பேரிடம் ஹிப்னோதெரபியைச் சோதித்து 1984இல் லான்செட் இதழில் எழுதியிருக்கிறார். ஹிப்னாடிசம் பெற்றவர்களுக்கு மற்றவர்களைவிட நல்ல குணம். 30 பேர் குறைவுதான். ஆனால் பிறகும் ஆய்வுகள் வந்தன. 12 மாதம் மருந்து எடுத்தும் தீராதவர்களுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்று பிரிட்டனின் 2008 சிகிச்சை வழிகாட்டி சொல்கிறது. போய்த்தான் பார்ப்போமே.

மார்ச் 11, செவ்வாய்

ஊசலாடும் கடிகாரம் இல்லை, உற்றுப் பார்க்கும் கண் இல்லை. ஹிப்னோதெரபி செய்யும் பெண் உளவியலாளர் சாய்வு நாற்காலியில் உட்காரச் சொன்னார். மூச்சைக் கவனி, கண் மூடு, வயிற்றில் கை வை, கையின் சூடு உள்ளே இறங்குகிறது, குடல் ஆற்றுநீர் போல நிதானமாக ஓடுகிறது... தெருவில் ஆட்டோ ஹாரன் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. நினைத்தால் எழுந்து போயிருக்கலாம். எழத் தோன்றவில்லை, அவ்வளவுதான். தினமும் வீட்டில் கேட்க ஓர் ஒலிப்பதிவு கொடுத்தார்.

மார்ச் 15, சனி

நாள் முழுக்க ஹிப்னாடிசத்தின் வரலாறுதான் வாசிப்பு. 1845இல் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து சர்ஜன், ஹிப்னாடிசத்தின் முன்னோடியான மெஸ்மரிசத்தில் ஆழ்த்தியே ஒரு கைதிக்கு விரைவீக்க அறுவை செய்தார். பிறகு யானைக்கால் நோயால் வளர்ந்த பெரிய கட்டிகளையும் அகற்றினார். மறு ஆண்டு கல்கத்தாவில் இதற்கென்றே ஒரு சிறு மருத்துவமனை. அதே 1846 அக்டோபரில் பாஸ்டனில் ஈதர் மயக்க மருந்து வந்துவிட்டது. மெஸ்மரிசத்தில் ஆழ்த்த மணிக்கணக்கில் உடம்பைத் தடவிக்கொண்டிருக்க இனி யாருக்குப் பொறுமை?

எனக்குப் பிடித்துப்போனவர் கோவாக்காரரான அபே ஃபாரியா. 1756இல் காண்டோலிமில் பிறந்த பாதிரியார். மெஸ்மரிசக்காரர்கள் சொன்ன காந்த சக்தி எதுவும் இல்லை, தூங்கவைப்பவனிடமும் சக்தி இல்லை, எல்லாம் தூங்குபவரின் மனசுக்குள்தான் என்று பாரிஸில் வாதிட்டார். பணஜியில் அவருக்குச் சிலை வைத்தவர்களோ, படுத்திருக்கும் பெண்மேல் கைகளை நீட்டி மந்திரவாதி போல நிற்க வைத்துவிட்டார்கள்! கோவா டூரில் அதன் முன்னால் போட்டோவும் எடுத்திருக்கிறேன், யாரென்று தெரியாமலே.

மார்ச் 20, வியாழன்

போன ஜென்மம் தெரியுமா என்று கேட்டுவரச் சொன்னான் ஆபீஸ் நண்பன். கேட்டேன். உளவியலாளர் சிரிக்கவில்லை. இந்த நிலையில் வரும் நினைவுகள் நிஜமாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் நிஜம் என்ற நம்பிக்கை மட்டும் பலமாக ஒட்டிக்கொள்ளும். அதனால் அந்த வேலையைத் தொடுவதில்லை என்றார். எல்லோருக்கும் ஒரே அளவு பலிக்காதாம். மனப்பிறழ்வு இருந்தால் மனநல மருத்துவரைக் கேட்காமல் தொடங்குவதே இல்லையாம்.

ஏப்ரல் 1, செவ்வாய்

முழுக்கத் தீரவில்லை. முறுக்கல் வருகிறது, முன்போல அடிக்கடி இல்லை. வந்தாலும் நான் பதறுவதில்லை. மாத்திரையும் தொடர்கிறது. அத்தை மகன் உளவியலாளரின் நம்பர் கேட்டான். மலத்தில் ரத்தமோ காரணமில்லாத எடைக் குறைவோ இருந்தால் முதலில் குடல் டாக்டரைப் பார் என்றேன். எந்த உளவியலாளரிடம் போனாலும் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள். ஒரே நாளில் குணம் என்று போர்டு வைத்திருந்தால் படியேறாதே.