அனந்தகிரி வழியும் முன்சக்கரத்தின் ஓசையும்

ஹைதராபாத், செகந்திராபாத் என்னும் இரட்டை நகரங்களில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு, விடுமுறை நாளில் மனம் ஆறச் சென்று வரத்தக்க இடங்களுள் அனந்தகிரி மலை சிறந்தது. நகருக்கு மேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், விகாராபாத்தை அடுத்துக் காடு சூழ நிற்கும் இம்மலையில்தான் முசியாறு பிறக்கின்றது. 1908-ஆம் ஆண்டு செப்டம்பரில் பெருக்கெடுத்து ஹைதராபாத்தைப் பாழாக்கியதும், பின்னர் 1920-இல் கட்டி முடிக்கப்பெற்ற உஸ்மான் சாகர் அணையால் அடங்கி நகருக்குக் குடிநீர் வழங்கியதும் இந்த ஆறேயாகும். மலைமீது அனந்த பத்மநாப சுவாமி கோயில் கொண்டிருக்கின்றார்.

இங்குச் செல்ல வழிகள் இரண்டு. இருப்புப்பாதை வழி ஒன்று. நிஜாம் காலத்தில், 1874-இல், செகந்திராபாத்துக்கும் வாடிக்கும் இடையே போடப்பட்ட பாதையில் விகாராபாத் ஒரு சந்திப்பு நிலையம். மற்றது மொயினாபாத், சேவெள்ளா, மன்னெகூடா வழியாகச் செல்லும் சாலை. ஆலமரங்களுக்குப் பேர்பெற்ற சாலை அது. ரயில்வேயில் எழுத்து வேலை பார்க்கும் நாம் முதல் வழியையே விரும்புவோம் என்று நேயர்கள் எண்ணக்கூடும். ஆயினும், சென்ற மழைக்காலத்தின் இறுதியில் ஒரு ஞாயிறன்று, நண்பர் ஒருவரின் பழைய ஜீப்பில் சாலை வழியே புறப்பட்டோம். நண்பரின் தாயார் அனந்த பத்மநாபருக்கு நேர்ந்துகொண்டிருந்த பிரார்த்தனை ஒன்று நெடுநாள் நிலுவையில் இருந்தது. அந்த அம்மையாருடன் இரண்டு குடும்பத்துப் பெண்டிரும் மூன்று குழந்தைகளும் பின் இருக்கைகளில் அமர்ந்தனர்.

ஜீப் என்னும் இவ்வாகனத்தின் வரலாறு சுவையானது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகளுக்காக வில்லிஸ் நிறுவனம் செய்த வண்டியை, மஹிந்திரா நிறுவனம் பம்பாயில் இணைத்து விற்கத் தொடங்கியது. பின்னர் வெவ்வேறு பெயர்களில் வந்த வண்டிகளும் அதே வமிசத்தைச் சேர்ந்தவையே. நான்கு சக்கரங்களும் இழுக்கும் வல்லமை இவற்றுக்கு உண்டு. அதனாலேயே இவற்றின் முன் அச்சில், சாதாரண மோட்டார் வண்டியில் இல்லாத பல உறுப்புகள் இருக்கின்றன. பேசும் வாய்கள் மிகுதியானால், எது பேசுகின்றது என்று கண்டறிவதும் கடினமாகின்றது அல்லவா?

சேவெள்ளாவைக் கடந்ததும் முன்பக்கத்திலிருந்து வண்டு முரல்வது போன்ற ஓர் ஓசை எழுந்தது. வேகம் கூடக் கூட அதுவும் உரத்தது.

“டயர் இரைச்சல்தான். கட்டை கட்டையான டயர், அப்படித்தான் கத்தும்” என்றார் நண்பர்.

“இருக்கலாம், அண்ணா. ஆனாலும் சோதித்துப் பார்ப்போமே” என்றோம்.

டயரின் இரைச்சல் தரைக்குத் தரை மாறும். புதுத் தார்ச்சாலையில் ஒருவிதமாகவும் சொரசொரப்பான சாலையில் வேறுவிதமாகவும் ஒலிக்கும். இவ்வோசையோ எங்கும் ஒன்றாகவே ஒலித்தது. அடுத்து, நேரான, ஆளில்லாத சாலையில் கியரை நியூட்ரலில் தள்ளி வண்டியை ஓடவிட்டார் நண்பர். என்ஜினின் வேகம் தணிந்தும் ஓசை தணியவில்லை. ஆகவே என்ஜின்மீது குற்றமில்லை, உருள்வதில்தான் குற்றம். பின்பு வளைவுகளைக் கவனித்தோம். இடப்புறம் திரும்புகையில் ஓசை மிகுந்தது; வலப்புறம் திரும்புகையில் குறைந்தது. வண்டி இடப்பக்கம் திரும்பும்போது அதன் பாரம் வலச்சக்கரத்தின்மேல் சாய்கின்றது. ஆதலின் சந்தேகம் வலப்புறத்து முன்சக்கரத்தின்மீது விழுந்தது.

விகாராபாத்துக்குச் சிறிது முன்னர் ஒரு மரநிழலில் நிறுத்தினோம். இடச்சக்கரத்து ஹப்பைத் தொட்டால் இளஞ்சூடு. வலச்சக்கரத்து ஹப்பிலோ கையை வைக்கவே இயலவில்லை. ரயில்வேயில் இதற்கு ‘ஹாட் ஆக்ஸில்’ என்று பெயர். நிலையத்தைக் கடந்து செல்லும் வண்டிகளை ஊழியர் நின்று நோக்குவது ஏன் என்று பலரும் கேட்பதுண்டு. அதற்கான காரணங்களுள் அச்சின் சூடும் ஒன்று. சூடான அச்சைக் கவனியாது விட்டால் அது முறிந்து வண்டி தடம் புரளக்கூடும். சாலை வண்டிக்கும் நியதி ஒன்றே.

ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தூக்கினோம். மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தபோது சக்கரம் ஆடியது. இவ்வாட்டம் சக்கரத்துப் பேரிங்கினால் வரலாம். சக்கரம் திரும்புவதற்கு ஆதாரமான கிங்பின்னாலும் வரலாம். இரண்டையும் பிரித்தறிய எளிய வழியொன்று உண்டு. ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, மற்றவர் மீண்டும் அசைக்க வேண்டும். ஆட்டம் நின்றுபோனால் பேரிங், நில்லாவிட்டால் கிங்பின். நண்பர் பிரேக்கை மிதித்தார்; ஆட்டம் நின்றது. சக்கரத்தைச் சுழற்றிவிட்டு ஸ்பிரிங் பட்டையின்மேல் கை வைத்தபோது, மணலை அரைப்பதுபோன்ற அதிர்வு விரல்களுக்குத் தெரிந்தது.

“இன்னும் சில கிலோமீட்டர்தானே, மெதுவாக ஏறிவிடலாமே! அம்மாவின் பிரார்த்தனை மறுபடியும் தட்டிப்போகிறதே” என்று நண்பர் வருந்தினார்.

ஏறுவதன்று அங்கே கேள்வி. குழந்தைகளை வைத்துக்கொண்டு வளைவும் சரிவுமான மலைப்பாதையில் இறங்குவதே கேள்வி. பேரிங் இறுகிச் சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டியரிங் எவர் கைக்கும் அடங்காது. இதை எடுத்துரைத்தபோது தாயாரே முடிவு கூறிவிட்டார்: “சாமிக்கு நாம் வந்தால் போதும், ஜீப் வர வேண்டியதில்லை.” பெண்டிரும் குழந்தைகளும் இரண்டு ஆட்டோக்களில் மலைக்குச் சென்றனர். ஹப்பு ஆறியபின் காலி வண்டியை நடைவேகத்தில் செலுத்தி விகாராபாத்தில் ஒரு பட்டறையை அடைந்தோம்.

அங்கிருந்த முதியவரை எல்லோரும் ‘உஸ்தாத்’ என்றே அழைத்தனர். தக்காண உருதுவில் பேசும் அவர் ‘ஆவாஜ் எப்படி?’ என்றுதான் முதலில் வினவினார். அதன் பின்னரே ஸ்பானரை எடுத்தார். ஹப்பைக் கழற்றியதும் காரணம் வெளிப்பட்டது. உள்ளும் புறமுமாக உள்ள இரண்டு பேரிங்குகளில் உட்புறத்தது கிரீஸ் இன்றிக் கறுத்து, உருளைகள் அம்மைத் தழும்பு விழுந்தாற்போல் பொத்தலாகியிருந்தன. தேய்ந்த ஆயில் சீல் வழியே மழைநீர் புகுந்திருக்கின்றது. நகரத்துச் சாலைகளில் முழங்காலளவு தேங்கும் நீரில் இவ்வண்டி அவ்வாண்டு பன்முறை இறங்கியதுண்டு.

உஸ்தாத் பிற ஓசைகளையும் விளக்கினார். நம் சங்கத்தில் பழைய ஜீப் வைத்திருக்கும் அன்பர்களுக்கு அவை பயன்படும். ஸ்டியரிங்கை முழுதும் ஒடிக்கையில் ‘டக் டக்’ என்று கேட்டால், முன் அச்சின் மூட்டிலுள்ள கிராஸ் தேய்ந்திருக்கும். ஹப்பில் பூட்டு உள்ள வண்டியானால் அதைத் திறந்துவிட்டு ஓட்டுக. ஓசை மறைந்தால் சந்தேகம் உறுதியாகும். பள்ளத்தில் விழும்போது மட்டும் ‘தொம்’ என்றால் ஸ்பிரிங் புஷ்ஷையும் டை ராடு முனைகளையும் பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கையில் கீச்சிட்டால் லைனிங் தீர்ந்திருக்கலாம். டிரம்முக்குள் கல்லும் புகுந்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் சக்கரத்து நட்டுகள் இறுக்கமாக உள்ளனவா என்று பார்த்துவிடுதல் நலம். காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இழுவையைப் போட்டு ஓட்டலாகாது. அதனால் முறுக்கேறி உறுப்புகள் தேயும்.

பேரிங் விகாராபாத்தில் கிடைக்கவில்லை. மாலையில் தாயார் பிரார்த்தனையை முடித்துப் பிரசாதத்துடன் நிலையத்துக்கு வர, எல்லோரும் ரயிலிலேயே திரும்பினோம். மறுநாள் பழைய பேரிங்கைத் துணியில் சுற்றிக்கொண்டு செகந்திராபாத் ராணிகஞ்சுக்குச் சென்றோம். மோட்டார் உதிரி உறுப்புகளுக்கு இந்நகரில் அதனினும் பெயர்பெற்ற கடைத்தெரு இல்லை. பேரிங்கின் விளிம்பில் பொறித்த எண்ணைக் கண்டதும் கடைக்காரர் உள்ளே சென்று அதன் இணையைக் கொணர்ந்தார். உள் உருளையுடன் வெளி வளையத்தையும் சேர்த்தே மாற்றுதல் வேண்டும். பழைய வளையத்தில் புதிய உருளை நெடுநாள் நில்லாது. சீலையும் புதிதாக வாங்கினோம்.

உஸ்தாத் கிரீஸை உருளைகளின் இடுக்கெல்லாம் புகும்படி உள்ளங்கையால் அழுத்தி நிரப்பினார். நட்டைச் சக்கரம் கனத்துச் சுற்றும் வரை இறுக்கி, பின்னர் சற்றே தளர்த்தி, பூட்டு வாஷரை மடித்தார். அளவுக்கு மேல் இறுக்கினால் மீண்டும் சூடேறும், தளர்த்தினால் ஆடும். திரும்பும் வழியில் சேவெள்ளாவில் நிறுத்தி இரண்டு ஹப்புகளையும் தொட்டுப் பார்த்தோம். இரண்டும் ஒரே இளஞ்சூடாக இருந்தன.

மழைக்காலம் கழிந்ததும் முன்சக்கரங்களைக் கழற்றிக் கிரீஸ் மாற்றுவதற்கு அரை நாள் போதும். குடும்பத்துடன் நெடுவழி செல்லும் அன்பர்கள் அவ்வரை நாளைப் பயணத்துக்கு முன்னரே ஒதுக்கிக்கொள்ள வேண்டுகிறோம். வழியில் இளைப்பாற நிறுத்தும்போதெல்லாம் நான்கு ஹப்புகளையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கும் பழக்கமும் நல்லது. அதற்குக் காசு செலவில்லை.